உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை மாறும்போது எரிபொருள் கலவையைச் சரிசெய்வது எப்படி?

கேட்கப்பட்டிருப்பதன் சாரம் இது. டர்போ இல்லாத இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அதில் தனியாக வாங்கிப் பொருத்திய, ஸ்பீடு டென்சிட்டி முறையில் (உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வைத்துக் காற்றின் நிறையைக் கணக்கிட்டு) இயங்கும் ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி. குளிர்ந்த வேளையில் விஇ (சிலிண்டர் தன் கொள்ளளவில் எவ்வளவு பங்கு காற்றை நிரப்பிக்கொள்கிறது என்ற எண்) அட்டவணையைப் பொறுமையாகச் சரிசெய்து முடித்தபோது எல்லா இடங்களிலும் லாம்டா (கலவையில் உள்ள காற்று, முழுதாக எரியத் தேவையான அளவைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்) இலக்கோடு ஒத்துப்போனது. ஆனால் சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் கழித்துக் கிளப்பினால், ஐட்லிங்கில் கலவை சுமார் 10 சதவீதம் லீனாகி (பெட்ரோல் குறைவாகி) எஞ்சின் தடுமாறுகிறது. உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலைக்கான திருத்த அட்டவணையில், 60 டிகிரி செல்சியஸுக்கு நேரே உள்ள எண்ணைக் கூட்டினால் ஐட்லிங் சரியாகிவிடுகிறது. அதே 60 டிகிரியில் சுமையோடு ஓடும்போதோ கலவை ரிச்சாகிவிடுகிறது (பெட்ரோல் அதிகமாகிவிடுகிறது). இந்த அட்டவணையில் இருக்க வேண்டிய சரியான எண்கள் எவை என்பதே கேள்வி.

அப்படிப்பட்ட எண்கள் கிடையாது என்பதுதான் நேரான பதில். ஒரே வெப்பநிலைக்கு ஐட்லிங்கில் ஒரு திருத்தமும் சுமையில் வேறொரு திருத்தமும் தேவைப்படுகிறது என்றால், வெப்பநிலையை மட்டும் பார்க்கும் ஓர் அட்டவணையில் எந்த எண்ணை எழுதினாலும் ஒரு பக்கம் தவறாகத்தான் இருக்கும். காற்றின் அடர்த்தி வெப்பநிலையோடு எப்படி மாறும் என்பது இயற்பியலில் எப்போதோ தீர்ந்துபோன விஷயம். அதை நாம் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தீராமல் இருப்பது, சென்சார் சொல்லும் வெப்பநிலைக்கும் சிலிண்டருக்குள் உண்மையில் நுழையும் காற்றின் வெப்பநிலைக்கும் இடையே உள்ள வேறுபாடு. எனவே திருத்த அட்டவணையை வளைக்காமல், வெப்பநிலையை ஈசியூ சரியாக மதிப்பிடும்படி செய்வதே என் கருத்தில் முறையான வழி. அதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இயற்பியலைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மாறாத அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி அதன் கெல்வின் வெப்பநிலைக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். கடல் மட்ட அழுத்தத்தில் உலர்ந்த காற்று 0 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு 1.293 கிலோகிராமும், 20 டிகிரியில் 1.204 கிலோகிராமும், 60 டிகிரியில் 1.06 கிலோகிராமும் இருக்கும். 20 டிகிரி என்பது 293 கெல்வின், 60 டிகிரி என்பது 333 கெல்வின். 293-ஐ 333-ஆல் வகுத்தால் 0.88 கிடைக்கும். அதாவது 40 டிகிரி ஏறினால் காற்று 12 சதவீதம் குறைகிறது, எரிபொருளும் அதே அளவு குறைய வேண்டும். வழக்கமான வெப்பநிலைகளில் மூன்று டிகிரிக்கு ஒரு சதவீதம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஸ்பீடு டென்சிட்டி ஈசியூ செய்யும் கணக்கும் இதுவே. மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் குழாய்) அழுத்தம், சிலிண்டரின் கொள்ளளவு, விஇ ஆகிய மூன்றையும் பெருக்கி, காற்றின் வாயு மாறிலியாலும் கெல்வின் வெப்பநிலையாலும் வகுத்தால் ஒரு சிலிண்டருக்குள் போகும் காற்றின் நிறை கிடைக்கிறது. அதை இலக்கு விகிதத்தால் வகுத்தால் பெட்ரோலின் நிறை. இங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் ஈசியூ வெப்பநிலையால் வகுக்கும் வேலையைத் தானாகவே செய்கிறதா, அல்லது அந்தத் திருத்த அட்டவணையின் மூலமாகச் செய்கிறதா என்பதாகும். சில ஈசியூக்களில் அடர்த்திக் கணக்கு உள்ளேயே இருக்கும். அட்டவணை அதற்கு மேல் கூடுதலாகப் பெருக்கப்படும் எண் மட்டுமே, தொடக்கத்தில் எல்லா இடத்திலும் 100 என்றே இருக்கும். வேறு சிலவற்றில் அட்டவணையே அடர்த்திக் கணக்கு. அதில் 20 டிகிரிக்கு 100 என்றால் 60 டிகிரிக்கு 88 என்று இருக்க வேண்டும். முதல் வகையில் 88 என்று எழுதினால் திருத்தம் இரண்டு முறை நடந்து, கலவை 12 சதவீதம் லீனாகும்.

இதை ஊகிக்க வேண்டாம், நேரடியாகச் சோதித்துவிடலாம். காற்று வெப்பநிலை சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் சாதாரண ரெசிஸ்டரை இணையுங்கள். பரவலாகப் பயன்படும் பாஷ் வகை சென்சார் 20 டிகிரியில் 2500 ஓம், 60 டிகிரியில் ஏறக்குறைய 600 ஓம் காட்டும். லாம்டா திருத்தத்தை (லாம்டா சென்சாரைப் பார்த்து ஈசியூ தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பதை) அணைத்துவிட்டு, ஒரே சுற்றுவேகத்திலும் ஒரே மேனிஃபோல்டு அழுத்தத்திலும் இரண்டு ரெசிஸ்டர்களையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, இன்ஜெக்டரின் திறப்பு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் மொத்தத் திறப்பு 2.8 மில்லிநொடி, அதில் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும் நேரம் 1.0 மில்லிநொடி என்றால், உண்மையில் பெட்ரோல் பாயும் நேரம் 1.8 மில்லிநொடி. 60 டிகிரி என்று ஏமாற்றும்போது அது 1.58 ஆக, மொத்தம் 2.58 ஆகக் குறைந்தால் கணக்கு சரியாக, ஒரே ஒரு முறை நடக்கிறது. 2.39 அளவுக்கு இறங்கினால் இரண்டு முறை நடக்கிறது. குறையவே இல்லையென்றால் அடர்த்திக் கணக்கு நடக்கவே இல்லை. ஐட்லிங்கில் எஞ்சின் நின்றுவிடக்கூடும் என்பதால், சற்று உயர்ந்த சுற்றுவேகத்தில் இதைச் செய்வது எளிது.

இந்தச் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் சூடான ஐட்லிங் லீனாகத்தான் இருக்கிறது என்றால், இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறோம்.

சென்சார் பெரும்பாலும் காற்று வடிகட்டிக்கு அருகிலோ, த்ராட்டிலுக்கு முன்னாலுள்ள குழாயிலோ, மேனிஃபோல்டிலோ இருக்கும். அதைக் கடந்த பிறகு காற்று மேனிஃபோல்டின் சூடான சுவர்களையும், 90 டிகிரி கூலன்ட் சுற்றும் சிலிண்டர் ஹெட்டையும், அதைவிடச் சூடான வால்வுகளையும் தொட்டுக்கொண்டு செல்கிறது. அது எவ்வளவு சூடேறும் என்பது எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு லிட்டர் எஞ்சின் ஐட்லிங்கில் நொடிக்கு 2 முதல் 4 கிராம் காற்றை இழுக்கும். 6000 சுற்றில் த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இழுக்கும். முப்பது மடங்கு வேறுபாடு. மெதுவாக நகரும் காற்று கூலன்ட் வெப்பநிலையை நோக்கி வெகுதூரம் ஏறிவிடும். விரைந்து பாயும் காற்று சென்சார் சொன்ன வெப்பநிலையிலிருந்து அதிகம் விலகாது.

எனவே சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையை, சென்சார் காட்டும் வெப்பநிலைக்கும் கூலன்ட் வெப்பநிலைக்கும் இடையில் உள்ள ஒரு புள்ளியாக மதிப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு பங்கைச் சேர்க்க வேண்டும் என்பதைக் கலப்பு விகிதம் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் பூஜ்யம் என்றால் சென்சார் சொல்வது அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். ஒன்று என்றால் கூலன்ட் வெப்பநிலை மட்டும். இந்த விகிதம் காற்றோட்டம் கூடக்கூடக் குறையும். தொழிற்சாலையிலிருந்து வரும் பல ஈசியூக்களில் இந்தக் கணக்கு உண்டு. தனியாக விற்கப்படும் ஈசியூக்களிலும் பலவற்றில், காற்றோட்டத்துக்கு எதிரே இந்த விகிதத்தை எழுதும் அட்டவணை ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இதன் விளைவை எண்களில் பார்ப்போம். விஇ அட்டவணையைச் சரிசெய்த நாளில் சென்சார் 30 டிகிரி, கூலன்ட் 90 டிகிரி, ஐட்லிங்கில் கலப்பு விகிதம் 0.5 என்று கொள்வோம். சிலிண்டருக்குள் போன காற்று 60 டிகிரி, அதாவது 333 கெல்வின். ஆனால் ஈசியூவுக்கு 30 டிகிரி என்றுதான் தெரியும். அந்த வேறுபாடு முழுவதும் விஇ எண்ணுக்குள் ஒளிந்துகொண்டுவிட்டது. பிறகு ஒரு நாள் சென்சார் 60 டிகிரி காட்டுகிறது. சிலிண்டருக்குள் போகும் காற்று இப்போது 75 டிகிரி, 348 கெல்வின். உண்மையில் காற்று குறைந்தது 333-க்கு 348 என்ற கணக்கில், 4 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் சென்சாரை மட்டும் நம்பும் ஈசியூ 303-க்கு 333 என்று கணக்கிட்டு 9 சதவீதம் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. கலவை ஏறக்குறைய 5 சதவீதம் லீன். நீங்கள் காணும் 10 சதவீதத்தில் ஒரு பாதி இது.

மீதியில் ஒரு பங்கு சென்சாரே பொய் சொல்வதால் வருவது. எஞ்சினை நிறுத்தியதும் கூலன்ட் ஓட்டமும் காற்றோட்டமும் நின்றுபோய், எஞ்சின் அறைக்குள் வெப்பம் தேங்குகிறது. அலுமினிய மேனிஃபோல்டில் திருகப்பட்டிருக்கும் பித்தளை உடல் கொண்ட சென்சார், அந்த உலோகத்தின் வெப்பநிலையைத்தான் காட்டும். மீண்டும் கிளப்பிய பிறகும் ஐட்லிங்கின் மெல்லிய காற்றோட்டத்தால் அதைப் பல நிமிடங்களுக்குக் குளிர்விக்க முடியாது. உள்ளே வரும் காற்று 50 டிகிரியில் இருக்க, சென்சார் 60 டிகிரி என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், கலவை இன்னும் லீனாகும். அதற்கான மருந்து மென்பொருளில் இல்லை. உணரும் முனை திறந்த கூண்டுக்குள் இருக்கும் வகை சென்சாரை வாங்கி, அதை உலோகத்தைத் தொடாமல், த்ராட்டிலுக்கு முன்னாலுள்ள பிளாஸ்டிக் அல்லது ரப்பர் குழாயில் பொருத்துங்கள். இந்த ஒரு வேலை, அட்டவணையோடு பல வாரங்கள் போராடுவதைக் காட்டிலும் அதிகப் பலன் தரும்.

இங்கே இன்னொரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். சுமை அதிகமாக உள்ளபோதுகூட, காற்றின் நிறை கெல்வின் வெப்பநிலைக்கு முழு எதிர் விகிதத்தில் குறைவதில்லை. சூடான காற்றில் ஒலியின் வேகம் அதிகம். அதனால் வால்வுகளின் குறுகிய வழியில் அது எளிதாகப் பாய்கிறது. மேலும், ஏற்கெனவே சூடான காற்று சுவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வெப்பமும் குறைவு. இந்தக் காரணங்களால் உள்ளே போகும் காற்றின் நிறை, வெப்பநிலையின் சதுர மூலத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது என்று கொள்வது உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது. எஞ்சின் சக்தியை ஒரே தளத்தில் ஒப்பிடுவதற்கான எஸ்ஏஇ ஜே1349 தரநிலையில், 25 டிகிரியை அடிப்படையாகக் கொண்ட வெப்பநிலைத் திருத்தம் சதுர மூலத்தில் இருப்பது இதனால்தான். 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது, முழு எதிர் விகிதம் 9 சதவீதக் குறைவைச் சொல்லும். சதுர மூலம் 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே சொல்லும். உங்கள் எஞ்சின் இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். ஆகவே முழுச் சுமையில் நீங்கள் அளந்து கண்டுபிடிக்கும் கலப்பு விகிதம், வெறும் வெப்பப் பரிமாற்றத்தை மட்டும் வைத்து எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக வந்தால், அளவீடு தவறு என்று நினைத்துத் தூக்கியெறிந்துவிட வேண்டாம். கலப்பு விகிதம் என்பது பெயரளவில் வெப்பநிலை பற்றிய எண்ணாக இருந்தாலும், நடைமுறையில் இந்த விளைவையும் சேர்த்தே சுமக்கிறது.

ஐட்லிங்குக்காக 60 டிகிரியில் 10 சதவீதம் கூட்டியபோது சுமையில் ரிச்சானதன் காரணமும் இப்போது விளங்கும். அங்கே தேவைப்பட்டது அதிகபட்சம் 5 சதவீதம். ஓடும் வண்டியில் சென்சாரும் தேங்கிய வெப்பத்திலிருந்து விடுபட்டு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அளக்கத் தொடங்கும் முன், வெப்பநிலையின் மேல் பழி விழும்படி செய்யும் வேறு கோளாறுகளை ஒதுக்கிவிட வேண்டும். இவற்றில் மிக முக்கியமானது இன்ஜெக்டரின் திறப்புத் தாமதம். ஐட்லிங்கில் பெட்ரோல் பாயும் நேரமே 1.8 மில்லிநொடிதான் என்கிறபோது, தாமதத்தில் 0.1 மில்லிநொடி பிழை இருந்தால் அதுவே 5 சதவீதத்துக்கு மேல். இந்தத் தாமதம் மின்னழுத்தத்தைப் பொறுத்து மாறும். பல இன்ஜெக்டர்களில் ஒரு வோல்ட் குறைந்தால் ஏறக்குறைய 0.1 மில்லிநொடி கூடும். சூடான ஐட்லிங்கில்தான் ரேடியேட்டர் விசிறி ஓடத் தொடங்கி மின்னழுத்தத்தை இறக்குகிறது. அதோடு, தாமிரச் சுருளின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறுவதால், சூடேறிய இன்ஜெக்டர் இன்னும் மெதுவாகத் திறக்கும். விசிறி ஓடும் நேரத்திலும் நிற்கும் நேரத்திலும் லாம்டாவைத் தனித்தனியாகக் குறித்துப் பாருங்கள். விசிறியோடு சேர்ந்து லாம்டா குதித்தால், திருத்த வேண்டியது மின்னழுத்தத்துக்கான தாமத அட்டவணையே.

அடுத்து சென்சார்களின் அளவீடு. இரவு முழுவதும் நின்ற எஞ்சினில், கிளப்புவதற்கு முன், காற்று சென்சாரும் கூலன்ட் சென்சாரும் ஒரே வெப்பநிலையைக் காட்ட வேண்டும்; இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் ஏதோ ஒன்றின் வளைவு தவறாகப் பதியப்பட்டிருக்கிறது. கழற்றி எடுத்து, உருகும் பனிக்கட்டி நீரில் 0 டிகிரியையும், கொதிநீரில் 100 டிகிரியையும், இடையில் நல்ல வெப்பமானியை வைத்து ஒரு புள்ளியையும் சரிபார்த்துவிடலாம். ஒரு நிறுவனத்தின் சென்சாருக்கு மற்றொரு நிறுவனத்தின் வளைவைத் தேர்ந்தெடுத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அறை வெப்பநிலையில் அது கண்ணில் படாது, 60 டிகிரியில்தான் பெரிதாகும்.

லாம்டா சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் சிறு கசிவு இருந்தாலும் ஐட்லிங்கில் பொய்யான லீன் அளவு வரும் என்பதையும், பெட்ரோல் அழுத்தம் மேனிஃபோல்டு அழுத்தத்தோடு சேர்ந்து நகர்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இனி அளவீடு. லாம்டா திருத்தத்தை அணைத்துவிடுங்கள். கூலன்ட் முழுதாகச் சூடேறிய பிறகு, வார்ம்அப் செறிவூட்டல் (எஞ்சின் சூடேறும் வரை கூடுதலாகத் தரும் பெட்ரோல்) பூஜ்யத்துக்கு வந்துவிட்டதை உறுதிசெய்துகொள்ளுங்கள். திருத்த அட்டவணையை அடர்த்திக் கணக்கு மட்டும் நடக்கும் நிலைக்குத் திருப்பிவிடுங்கள். சுற்றுவேகம், மேனிஃபோல்டு அழுத்தம், காற்று வெப்பநிலை, கூலன்ட் வெப்பநிலை, மின்னழுத்தம், இலக்கு லாம்டா, அளந்த லாம்டா ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். முதலில் ஒரு குறுகிய வெப்பநிலை வரம்புக்குள், எடுத்துக்காட்டாக 25 முதல் 35 டிகிரிக்குள், விஇ அட்டவணையை முடித்துவிட வேண்டும். அந்த வரம்புக்கு வெளியே பதிவானவற்றை விஇ திருத்தத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. தானாக விஇ அட்டவணையைத் திருத்தும் மென்பொருள்களை எல்லா வெப்பநிலையிலும் ஓடவிட்டால், காலையில் ஒரு எண்ணையும் மதியம் இன்னொரு எண்ணையும் எழுதிக்கொண்டே இருக்கும், முடிவே வராது.

பிறகு வேறு வெப்பநிலைகளில், த்ராட்டிலை அசைக்காமல் ஒரே சீராக ஓடும் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடலாம். அடிப்படை நாளில் சென்சார் 30, கூலன்ட் 90. இப்போது சென்சார் 60, கூலன்ட் 90; இலக்கு லாம்டா 1.00, அளந்தது 1.05. சென்சாரை நம்பிய ஈசியூ, வெப்பநிலை 333-க்கு 303, அதாவது 1.099 மடங்கு ஏறியதாக நினைத்தது. காற்று நினைத்ததைவிட 5 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆகவே உண்மையில் ஏறியது 1.099-ஐ 1.05-ஆல் வகுத்த 1.047 மடங்கு மட்டுமே. கலப்பு விகிதத்தின்படி இன்றைய வெப்பநிலை 333-உடன் விகிதத்தின் 30 மடங்கைக் கூட்டியது; அன்றையது 303-உடன் விகிதத்தின் 60 மடங்கைக் கூட்டியது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.047 வர வேண்டும் என்று சமன்பாட்டைத் தீர்த்தால் விகிதம் 0.48 கிடைக்கிறது. ஒவ்வொரு சீரான பகுதிக்கும் இப்படி ஒரு விகிதத்தைக் கண்டுபிடித்து, காற்றோட்டத்துக்கு எதிரே புள்ளிகளாக வைத்தால் வளைவு தானே தென்படும். தனிப்பட்ட புள்ளிகள் சிதறித்தான் இருக்கும். அவற்றின் நடுவே, இறங்குமுகமாகச் செல்லும் வழவழப்பான ஒரு கோட்டை வரைந்துகொள்ளுங்கள். கணக்கிட்ட புள்ளிகள் இல்லாத இடங்களுக்கு, ஐட்லிங்கில் 0.5, சீரான ஓட்டத்தில் 0.3, முழுச் சுமையில் 0.1 முதல் 0.2 என்று தொடங்கலாம்.

இந்தக் கலப்பை இயக்கியவுடன் விஇ அட்டவணை முழுவதும் இடம்பெயரும் என்பதை மறக்க வேண்டாம். முன்பு 30 டிகிரி என்று நினைத்த இடத்தில் ஈசியூ இப்போது 60 டிகிரி என்று எடுத்துக்கொள்வதால், ஐட்லிங் பகுதியில் விஇ எண்களை 333-க்கு 303 என்ற கணக்கில் 10 சதவீதம் உயர்த்த வேண்டும்; முழுச் சுமையில் விகிதம் 0.1 என்றால் 2 சதவீதம் போதும். இதைச் செய்யாமல் கிளப்பினால் எஞ்சின் முன்பைவிட மோசமாக ஓடும். பலர் அந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து இந்த முறையையே கைவிட்டுவிடுகிறார்கள்.

இதற்குப் பிறகும், சூடாகக் கிளப்பிய முதல் ஒரு நிமிடம் மட்டும் லீனாக இருந்து பிறகு தானே சரியானால், அது காற்றின் விஷயமே அல்ல. நின்ற எஞ்சினின் மேல் எரிபொருள் ரெயில் வெந்து, உள்ளே இருக்கும் பெட்ரோல் விரிவடைகிறது, சில வேளை ஆவிக்குமிழ்களும் உண்டாகின்றன. பெட்ரோலின் அடர்த்தி டிகிரிக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் குறையும். குமிழ்கள் இருந்தால் இழப்பு அதைவிடப் பல மடங்கு. புதிய பெட்ரோல் வந்து ரெயிலைக் குளிர்வித்ததும் இது மறைந்துவிடும். ஆகவே இதற்குரிய திருத்தம் நேரத்தோடு தேய்வதாக இருக்க வேண்டும்: கிளப்பும்போது கூலன்ட்டும் காற்று சென்சாரும் சூடாக இருந்தால் சில சதவீதம் கூட்டி, முப்பது நாற்பது நொடிகளில் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் தனி அமைப்பு பல ஈசியூக்களில் இருக்கிறது.

குளிர்ப் பக்கத்திலும் இதே ஒழுக்கம் தேவை. காற்று மிகவும் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் வால்வின் பின்புறத்திலும் குழாயின் சுவரிலும் படலமாகத் தங்குகிறது. சீரான ஓட்டத்தில் அந்தப் படலம் சமநிலைக்கு வந்துவிடும். த்ராட்டிலைத் திடீரெனத் திறக்கும்போதுதான் லீன் தடுமாற்றம் வரும். அதை அடர்த்தித் திருத்தத்தில் பெட்ரோலைக் கூட்டிச் சரிசெய்தால் சீரான ஓட்டம் ரிச்சாகும். வேகமேற்றும்போது கூட்டும் பெட்ரோலின் அளவை வெப்பநிலைக்கு ஏற்ப உயர்த்துவதே முறை.

மற்ற முறைகளில் இயங்கும் எஞ்சின்களைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுகிறேன். சூடான கம்பியால் காற்றின் நிறையை அளக்கும் சென்சார் உள்ள எஞ்சினில், பெட்ரோல் கணக்குக்கு வெப்பநிலைத் திருத்தமே தேவையில்லை. அங்கே அட்டவணையில் எதையும் எழுதுவது தவறு. த்ராட்டில் கோணத்தையும் சுற்றுவேகத்தையும் மட்டும் பார்க்கும் ஆல்ஃபா-என் முறையில், வெப்பநிலைத் திருத்தத்தோடு வளிமண்டல அழுத்தத் திருத்தமும் கட்டாயம். கார்புரேட்டர் தானாகவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. வென்சூரியில் (கார்புரேட்டரின் குறுகிய காற்று வழியில்) உண்டாகும் உறிஞ்சல் பெட்ரோலையும் இழுப்பதால், கலவை விகிதம் காற்றின் அடர்த்தியின் சதுர மூலத்தோடு மட்டுமே மாறும். 5 டிகிரிக் காலையிலிருந்து 40 டிகிரி மதியத்துக்குப் போகும்போது அடர்த்தி 11 சதவீதம் குறைந்தால், கலவை 6 சதவீதம் அளவுக்கு ரிச்சாகும். ஜெட்டின் (பெட்ரோல் வரும் சிறு துளையின்) பரப்பு அந்த அளவுக்கும், விட்டம் அதில் பாதி அளவுக்கும் குறைய வேண்டும்: 1.20 மில்லிமீட்டர் ஜெட் இருந்த இடத்தில் 1.16 அல்லது 1.17.

டர்போ எஞ்சினில் சென்சார் இன்டர்கூலருக்கு (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பகுதிக்கு)ப் பின்னால்தான் இருக்க வேண்டும். 30 டிகிரிக் காற்றை 1.8 மடங்கு அழுத்தினால், 70 சதவீதத் திறன் கொண்ட கம்ப்ரசரின் வாயில் அது 109 டிகிரி ஆகும்; 70 சதவீதம் செயல்படும் இன்டர்கூலர் அதை 54 டிகிரிக்குக் கொண்டுவரும். இந்த ஏற்றம் ஓரிரு நொடிகளில் நடந்துவிடும், மெதுவான சென்சார் பின்தங்கிவிடும். கலவையைவிட இங்கே இக்னிஷன் நேரம்தான் பெரிய கவலை. சூடான காற்றில் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எரிவது) வரும் என்பதற்காகப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும் என்று தோன்றினால், அதை இலக்கு லாம்டா அட்டவணையில் வெளிப்படையாக எழுதுங்கள். அடர்த்தித் திருத்தத்துக்குள் ஒளித்துவைத்தால், பின்னாளில் எது இயற்பியல், எது பாதுகாப்பு என்று பிரித்தறிய முடியாது. இக்னிஷனைப் பின்தள்ளும் அட்டவணை தனியாகவே இருக்கட்டும்.

வெப்பநிலைத் திருத்தம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஈரப்பதம் மிஞ்சும். 35 டிகிரியில் நிறைவுற்ற நீராவியின் அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல், ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், மேனிஃபோல்டுக்குள் போவதில் ஏறக்குறைய 4.5 சதவீதம் காற்றே அல்ல, நீராவி. அழுத்த சென்சாருக்கு அந்த வேறுபாடு தெரியாது. எனவே சூடான, புழுக்கமான நாளில் இரண்டு, மூன்று சதவீதம் ரிச்சாக வந்தால் அதற்காக வெப்பநிலை அட்டவணையைத் தொட வேண்டாம். அதே வெப்பநிலையுள்ள உலர்ந்த நாளில் அது லீனாகிவிடும்.

அந்த மிச்சத்தைத் திருத்தவே லாம்டா திருத்தம் இருக்கிறது. எல்லாம் முடிந்த பின் அதை மீண்டும் இயக்கி, மேலும் கீழும் 10 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்திவைத்து, அது எந்த நிலையில் எவ்வளவு திருத்துகிறது என்பதை மட்டும் சில வாரங்கள் பதிவு செய்யுங்கள். காற்று வெப்பநிலை ஏற ஏற, ஐட்லிங்கில் மட்டும் அது பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனால், குறைந்த காற்றோட்டத்தில் கலப்பு விகிதம் இன்னும் உயர வேண்டும். குறைத்துக்கொண்டே போனால் விகிதம் அதிகமாகிவிட்டது. எல்லாச் சுமைகளிலும் ஒரே அளவில் விலகினால் சென்சாரின் வளைவையும், அடர்த்திக் கணக்கு எத்தனை முறை நடக்கிறது என்பதையும் மறுபடி பாருங்கள். வெப்பநிலையோடு தொடர்பில்லாமல் ஏதோ ஒரு சுற்றுவேகத்தில் மட்டும் விலகினால் அது விஇ அட்டவணையின் அந்த ஒரு கட்டத்தின் பிழை; அங்கே மட்டும் திருத்தினால் போதும்.